சம்பளமில்லாத சேவைக்கு யார் செலவு செய்வது?



"ஐயா, நான் மூணு மாசம் கென்யா போறேன். ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்கிற ஒரு நிறுவனத்துல வேலை. சம்பளம் கிடையாது, சும்மாதான் செய்யப் போறேன். டிக்கெட்டுக்குச் சபையில யாராவது உதவி செய்வாங்களா ஐயா?"

ஆராதனை முடிந்ததும் ஒரு வாலிபத் தம்பி இப்படி வந்து நின்றால் நாம் என்ன சொல்வோம்? ஒருவர், "நல்ல காரியம் தம்பி, போயிட்டு வா" என்று தோளைத் தட்டிக் கொடுப்பார். இன்னொருவர், "இவன் ஊர் சுத்திப் பார்க்க நம்ம காசா?" என்று மனதுக்குள் முறுமுறுப்பார். தட்டிக் கொடுத்தவரும் யோசிக்கவில்லை, முறுமுறுத்தவரும் யோசிக்கவில்லை. நாம் சற்று உட்கார்ந்து யோசிப்போமா?

சிறு கடன் என்பது என்ன?

1976 ல் பங்களாதேசத்தில் ஜோப்ரா என்ற கிராமத்துக்குப் பேராசிரியர் முகமது யூனுஸ் போனார். அங்கே 42 பேர் வியாபாரிகளிடம் பட்டிருந்த கடனைக் கணக்குப் பார்த்தார். எல்லாருடைய கடனும் சேர்ந்து 27 டாலர்தான்! அந்தச் சிறிய தொகை இல்லாததால் அவர்கள் உழைப்பின் பலன் வேறொருவன் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தன் கையிலிருந்தே கொடுத்தார். அந்த விதைதான் 1983 ல் கிராமீன் வங்கியாக முளைத்தது. 2006 ல் அவருக்கும் அந்த வங்கிக்கும் சேர்த்துச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஐந்து ஐந்து பேராகக் குழு, வாரந்தோறும் கூட்டம், சிறுகச் சிறுகத் தவணை என்பது அதன் முறை. சுய உதவிக் குழுவில் இருக்கிற நம் சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

2005 ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கீவா என்ற அமைப்பு தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே ஒருவர் 25 டாலர் கடனாகக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு வட்டி கிடையாது. அந்தப் பணம் கென்யா, கம்போடியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் உள்ள சிறு கடன் நிறுவனங்கள் வழியாக ஏழைகளைச் சேரும். (அந்த நிறுவனங்கள் கடன் வாங்குகிறவரிடம் வட்டி வாங்குகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.) 2007 முதல் கீவா தொண்டர்களையும் அந்த நாடுகளுக்கு அனுப்பியது. கடன் வாங்கியவர் உண்மையில் இருக்கிறாரா, சொன்ன காரியத்துக்குத்தான் பணம் போயிற்றா என்று நேரில் பார்ப்பது, அவர்கள் நிலையை எழுதி அனுப்புவது, உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, இவையெல்லாம் அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. விமானக் கட்டணம், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் அவரவர் பொறுப்பு.

"சும்மா" என்ற வார்த்தை

தம்பி "சும்மாதான் செய்யப் போறேன்" என்றான். பிரியமானவர்களே, அந்த வார்த்தையில்தான் சிக்கல்! சம்பளமில்லாத வேலை உண்டு, செலவில்லாத வேலை கிடையாது. அவன் சும்மா செய்தால் வேறொருவர் அதற்கு விலை கொடுக்கிறார். அப்பாவின் சேமிப்பா? அக்காவின் நகையா? சபையாரின் காணிக்கையா? யாருடைய பணம் என்று சொல்லாமல் "தியாகம்" என்ற பெயரை மட்டும் தான் எடுத்துக்கொள்வது உத்தமமா?

ஒரு பேச்சுக்கு அவன் பயணத்துக்கு 4,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதை 25 டாலராகப் பிரித்தால் 160 பேர் கொடுக்கும் கடன் பங்கு. "அந்தப் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டு நீ வீட்டிலேயே இருக்கலாமே!" என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. கோபப்படக் கூடாது, பதில் சொல்லவேண்டும். "அங்குள்ள நிறுவனம் இந்த வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறது. எனக்குக் கணக்கு தெரியும், இன்ன காரியத்தை நான் செய்து முடிப்பேன்" என்று சொல்ல முடிந்தால் போகலாம். "எனக்கு அனுபவம் கிடைக்கும்" என்பது மட்டுமே பதிலானால், அதுவும் பாவமல்ல. ஆனால் அதற்குச் சேவை என்று பெயர் வைத்து வசூல் செய்யாதே! அது படிப்பு. படிப்புக்குத் தன் சொந்தப் பணம்தான் அழகு.

கடன் வாங்கும் அம்மாவிடம் கேட்கிற கேள்விகள்

சிறு கடன் நிறுவனத்தின் அலுவலர் ஒரு தாயிடம் என்ன கேட்கிறார்? எதற்குப் பணம்? எவ்வளவு? எப்படித் திருப்புவீர்கள்? உங்களுக்காக யார் நிற்பார்கள்? ஒரு தையல் மெஷினுக்காக அந்த அம்மா இத்தனை கேள்விக்கும் பதில் சொல்கிறாள், வாரந்தோறும் வந்து கணக்கும் கொடுக்கிறாள். அவளைச் சோதித்துப் பார்க்கப் போகிறவன் தன் பயணப் பணத்துக்கு ஒரு கணக்கும் கொடுக்காமல் போகலாமா? அவளுக்கு ஒரு தராசு, நமக்கு ஒரு தராசா? அதே கேள்விகளை நம்மிடமே கேட்டுப் பார்த்தால், பணம் சேர்க்கும் வழிகளில் எது சுத்தம், எது அழுக்கு என்று தெரிந்துவிடும்.

1. தன் கையிலிருப்பதை முதலில் எடுப்பது. ஒரு வருஷத்துக்கு முன்பே தீர்மானித்து மாதாமாதம் ஒதுக்கி வைக்கலாம். ஓடாமல் நிற்கிற பைக், கிட்டார், கேமரா இவற்றை விற்கலாம். தானே ஒன்றும் போடாதவன் பிறரிடம் கேட்கும்போது அவன் குரலிலேயே பலம் இருக்காது.

2. காலியாகும் இடத்தை வாடகைக்கு விடுவது. பெரிய நகரத்தில் தன் அறைக்கு வருகிற வாடகை, வாடகை குறைவான ஊரில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் உதவும். இது புத்தியுள்ள வழி. ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகை விடுவது திருட்டுத்தனம். நல்ல காரியத்துக்காக என்று சொல்லிவிட்டால் அது சரியாகிவிடாது.

3. வேலை செய்கிற இடத்தில் கேட்பது. சேர்த்து வைத்த விடுப்பை இதற்குச் செலவிடலாம். ஊழியர் சேர்க்கிற தொகைக்கு இணையாகத் தாங்களும் ஒரு தொகை கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு. கேட்டால் இல்லை என்பார்கள், அவ்வளவுதானே!

4. விமானப் பயணப் புள்ளிகள். உறவினர்கள் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் புள்ளிகளைக் கம்பெனி விதி அனுமதித்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் புள்ளி சேர்ப்பதற்காகவே கிரெடிட் கார்டில் தேவையில்லாததை வாங்கிக் கடனில் விழாதிருங்கள்.

5. உழைத்துக் கொடுத்து வாங்குவது. சனிக்கிழமை பிரியாணி போட்டு விற்கலாம், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம், கணக்கு எழுதிக் கொடுக்கலாம். கொடுக்கிறவருக்கும் ஒரு பொருள் கையில் கிடைக்கும், கேட்கிறவருக்கும் கூச்சமில்லை.

6. பலரிடம் சிறிது சிறிதாகக் கேட்பது. ஒருவரிடம் பெருந்தொகை வாங்குவதைவிட நாற்பது பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது நல்லது. யாருக்கும் பாரமில்லை, நாற்பது பேர் கேள்வியும் கேட்பார்கள். டிக்கெட்டுக்கு இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு, மிச்சமானால் இன்னாருக்குத் திருப்பித் தருவேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

செய்யக்கூடாதவை மூன்று உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கிப் போகாதே. கடனால் கஷ்டப்படுகிறவர்களைப் பார்க்கக் கடன்பட்டுப் போவதா? வயதான பெற்றோரின் நகையை அடகு வைக்காதே. பிள்ளை கேட்டால் அவர்கள் மறுக்கமாட்டார்கள், அதனாலேயே கேட்கக்கூடாது. மூன்றாவது, இதுதான் முக்கியம்: ஏழைத் தாயின் படத்தைக் காட்டி உன் டிக்கெட்டுக்கு வசூல் செய்யாதே! கண்ணீரோடு பார்க்கிறவர் தன் பணம் அந்தத் தாய்க்குப் போகிறது என்றுதான் நினைப்பார். வாயால் ஒரு பொய்யும் சொல்லாமலே பொய் சொல்லும் வழி அது.

பணம் நாவைக் கட்டும்

இன்னும் ஆழமான ஒரு காரியம் உண்டு. பணம் எங்கிருந்து வருகிறதோ, நாவு அந்தப் பக்கம் சாயும்.

2009 ல் டேவிட் ரூட்மன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கீவாவைப் பற்றி ஓர் உண்மையை எடுத்து எழுதினார். படத்தில் காணும் பெண்ணுக்குத் தங்கள் 25 டாலர் நேராகப் போகிறது என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஆனால் பெரும்பாலும் உள்ளூர் நிறுவனம் அவளுக்கு முன்னமே கடன் கொடுத்து முடித்திருக்கும். இவர்கள் பணம் அந்த நிறுவனத்துக்குத்தான் போகும். அதன்பின் கீவா தன் விளக்கத்தைத் திருத்தித் தெளிவாக எழுதியது. சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுத் திருத்திக்கொண்டது நல்லதுதான். ஆனால் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் எத்தனை நலம்!

சிறு கடன் எப்போதும் ஆசீர்வாதமாகவே முடிகிறதா? இல்லையே. 2010 ல் ஆந்திராவில் ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்தன என்ற செய்திகள் வந்தன. அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. 2015 ல் இந்தியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ, போஸ்னியா என்னும் ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகள் சேர்ந்து வெளிவந்தன. சிறு கடனால் சிலருக்குக் கொஞ்சம் நன்மை உண்டு, ஆனால் வறுமையைப் புரட்டிப்போடும் மாற்றம் இல்லை என்பதே அவற்றின் முடிவு.

இப்போது யோசியுங்கள். நம் தம்பி அங்கே போகிறான். வாராந்தரக் கூட்டத்தில் ஒரு அம்மா அழுவதைப் பார்க்கிறான். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியிருக்கிறாள். அதை அவன் வீட்டுக்கு எழுதுவானா? "உன் பயணத்தால் ஏழைகள் வாழ்வு மாறும்" என்று நம்பி நாற்பது பேர் பணம் கொடுத்திருந்தால் அவன் கை நடுங்கும். சிரிக்கிற அம்மாவின் படத்தை மட்டும் அனுப்புவான். அவன் கெட்டவனல்ல, கொடுத்தவர்களை ஏமாற்றமடையச் செய்யப் பயப்படுகிறான். அந்தப் பயத்தை விதைத்தது அவன் பணம் கேட்ட விதம்! "போய்ப் பார்க்கிறேன், நன்மையோ தீமையோ கண்டதைச் சொல்கிறேன்" என்று கேட்டிருந்தால் அவன் நாவு கட்டப்பட்டிருக்காது.

பவுலும் கேரியும்

அப்போஸ்தலர் 18 ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். கொரிந்தியரிடம் அவர் உதவி வாங்கவில்லை. ஆனால் பிலிப்பியர் அனுப்பியதை மனமகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். ஏன் இந்த வித்தியாசம்? வாங்குவது தவறு என்பதல்ல. எங்கே வாங்கினால் தன் ஊழியத்துக்கு இடறலாகுமோ அங்கே வாங்கவில்லை. எருசலேமின் ஏழைகளுக்கு அவர் சேர்த்த தர்மப்பணத்தைப் பற்றி 2 கொரிந்தியர் 8 ம் அதிகாரத்தில் வாசியுங்கள். சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரும் அந்தப் பணத்தோடு போகும்படி செய்தார். ஒருவரும் குறைசொல்ல இடம் வைக்கவில்லை. அப்போஸ்தலனே இப்படி எச்சரிக்கையாக இருந்தால் நாம் எம்மாத்திரம்!

செருப்புத் தைக்கும் தொழில் செய்த வில்லியம் கேரி 1793 ல் வங்காளம் வந்து சேர்ந்தார். 1794 முதல் சில வருஷங்கள் முட்னாபட்டி என்ற இடத்தில் அவுரித் தொழிற்சாலையை நிர்வகித்து அந்தச் சம்பளத்தில் வாழ்ந்தார். 1801 முதல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கற்பித்தபோது, வந்த சம்பளத்தைச் செராம்பூர் மிஷனின் பொதுச் செலவுக்குக் கொடுத்தார்.

இன்றைக்கும் பகலில் கிராமத்தில் தொண்டு, இரவில் இரண்டு மணி நேரம் இண்டர்நெட் வழியாகத் தன் பழைய தொழில் என்று செய்கிறவர்கள் உண்டு. அந்த நாட்டு விசா அதற்கு அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரிக்கவேண்டும். உள்ளே போகும்போதே பொய் சொல்லிப் போகிற தொண்டு தொண்டல்ல.

தம்பிக்கு என்ன சொல்வோம்?

"தம்பி, போக வேண்டாம்னு நாங்க சொல்லல. பாதி நீ சேர்த்துட்டு வா. மீதிக்கு எவ்வளவு, எதுக்குன்னு எழுதிட்டு வா. நாங்க கொடுக்கிறது உனக்கு, அந்த அம்மாவுக்கு இல்லன்னு எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொல்லு. நல்லது நடக்கலன்னாலும் சொல்லு. அதுக்காக நாங்க கோவிச்சுக்க மாட்டோம்."

இந்தக் கடைசி வார்த்தை கொடுக்கிற நமக்கும் உரியது. கொடுத்துவிட்டு அழகான சாட்சியையே எதிர்பார்த்தால் நாமே பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்குகிறோம். உண்மையைத் தாங்கும் இருதயத்தோடு கொடுப்போம். அவன் திரும்பி வரும் நாளில் படங்களைக் கேட்பதற்குமுன் கணக்கைக் கேட்போம், கணக்கைக் கேட்பதற்குமுன் அந்த அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்போம்.

வாங்குகிறவரையும் கொடுக்கிறவரையும் கர்த்தர் உத்தமத்தில் காப்பாராக. ஆமென்.