ஐந்நூறு கைத்துப்பாக்கிகளும் ஓர் ஆத்துமமும்



சிங்கர் தையல் மெஷினை அறியாத வீடு உண்டோ? அந்தக் கம்பெனியே 1941-ம் ஆண்டு அமெரிக்க இராணுவத்துக்கென 500 கைத்துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. அவ்வளவுதான். அவற்றுள் ஒன்றேனும் அகப்படாதா என்று துப்பாக்கி சேகரிப்போர் வருடக்கணக்காய்த் தேடி அலைகிறார்கள். பொறித்த எண்ணைத் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். 2017-ல் ஒன்று 4 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

உயிரைப் போக்கும் இரும்புக்கு இத்தனை தேட்டம்! பாவசங்கீர்த்தனமின்றி வருடக்கணக்காய் விலகி நிற்கும் நம் சகோதரனைத் தேடுவார் யார்? அவனுக்காகச் சேசுநாதர் சுவாமி கொடுத்த விலை தமது திரு இரத்தமல்லவா?

ஆகையால் இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் வாசற்படி ஏறுங்கள். பழைய மனத்தாங்கலைப் பேசாமல், கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். ஆமென்.