உள்ளம் தனக்குத்தானே சாட்சி ஆகுமா?

சீடன்: ஐயா, உளவியல் நூல்களைப் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது. அமைப்பியல், நடத்தையியல், உளப்பகுப்பாய்வு, கெஸ்டால்ட், அறிதிறன் உளவியல் என்று எத்தனை பள்ளிகள்! ஒன்று நிறுவியதை இன்னொன்று மறுக்கிறது. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

குரு: முடிவுகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தால் குழப்பம் தீராது. ஒவ்வொரு பள்ளியிடமும் ஒரே கேள்வியைக் கேள்: மனத்தைப் பற்றி நீ சொல்வதற்கு எது சான்று? பூசல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

சீடன்: மனத்துக்கு மனமே சான்று அல்லவா? என் கோபமும் என் பசியும் எனக்கு நேரே தெரிகின்றனவே.

குரு: அந்த நம்பிக்கையோடுதான் இந்தத் துறை நடைபழகியது. வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் அமைத்தார். அவருடைய மாணவர் டிட்ச்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அகநோக்கைத் தலையாய முறையாக்கினார். பயிற்சி பெற்றவர்கள் தம் அனுபவத்தைக் கூறுகூறாகப் பிரித்து விவரித்தார்கள். ஜெர்மனியில், வூர்ட்ஸ்பர்க் நகரில் கூல்பேயின் குழுவினரும் உள்ளே நோக்கினார்கள். உருவம் எதுவும் தோன்றாமலே எண்ணம் ஓடுவதுண்டு என்றார்கள் அவர்கள். கூர்ந்து நோக்கினால் ஏதேனும் ஓர் உருவமோ உடலுணர்ச்சியோ இருக்கும் என்றது கார்னெல். யார் சொல்வது சரி?

சீடன்: மூன்றாமவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

குரு: அவர் யாருடைய மனத்தைப் பார்ப்பார்?

சீடன்: தம் மனத்தைத்தான். அப்படியானால் இந்த வழக்குக்குத் தீர்ப்பே கிடையாது.

குரு: கிடைக்கவில்லை. ஜான் வாட்சன் 1913-இல் எழுந்து, இனி எல்லோரும் காணக்கூடிய நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்றார். தூண்டல் எது, அதற்குத் துலங்கல் எது என்பதே கணக்கு.

சீடன்: மனத்தையே தள்ளிவிட்டால் உளவியலில் மிச்சம் என்ன, ஐயா?

குரு: அவசரப்படாதே, அப்பா. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும் என்ற ஒழுங்கை வலியுறுத்தி நிலைக்கச் செய்தவர்கள் நடத்தையியலார். பிற்பாடு மனம் திரும்பி வந்தபோது அந்த ஒழுங்குக்கு உட்பட்டே வந்தது. எலிகள் அதைக் கொண்டுவந்தன.

சீடன்: எலிகளா?

குரு: எட்வர்ட் டோல்மன் பெர்க்லியில் ஆசிரியராக இருந்தவர், தம்மை நடத்தையியலார் என்றே சொல்லிக்கொண்டவர். இளமையில் கெஸ்டால்ட் அறிஞர் கோஃப்காவிடம் ஜெர்மனியில் சில காலம் பயின்றிருந்தார். உறுப்புகளைக் கூட்டினால் முழுமை வந்துவிடாது என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. டோல்மனும் ஹான்ஸிக்கும் 1930-இல் வெளியிட்ட சோதனையைக் கேள். மூன்று தொகுதி எலிகள் நாள்தோறும் ஒரு புதிர்வழியில் விடப்பட்டன. முதல் தொகுதிக்கு வழியின் முடிவில் எப்போதும் தீனி உண்டு. இரண்டாவதற்கு ஒருபோதும் இல்லை. மூன்றாவதற்குப் பத்து நாள் எதுவும் இல்லை. 11-ஆம் நாள் தீனி வைத்தார்கள். மூன்றாம் தொகுதி என்ன செய்திருக்கும்?

சீடன்: பரிசு கிடைத்தால்தான் கற்றல் நடக்கும் என்றால், 11-ஆம் நாள்தான் அவற்றுக்கு முதல் பாடம். அன்று தொடங்கி மெல்ல மெல்லத் தேறியிருக்க வேண்டும்.

குரு: மறுநாளே அவற்றின் தவறுகள் சடாரென்று குறைந்தன. முதல் நாளிலிருந்து தீனி பெற்ற எலிகளுக்கு அவை ஈடாகிவிட்டன.

சீடன்: என்றால், வெறுமனே அலைந்த அந்தப் பத்து நாளும் அவை வழியைக் கற்றுக்கொண்டிருந்தன!

குரு: ஆம். கற்றது அதுவரை நடத்தையில் தென்படவில்லை. எலிக்குள் இடத்தின் வரைபடம் ஒன்று உருவாகியிருக்க வேண்டும் என்று டோல்மன் 1948-இல் எழுதினார்.

சீடன்: ஒரு தடை, ஐயா. அந்த வரைபடத்தை யாரும் கண்டதில்லை. காணாததை உண்டென்று சொன்னால் பழைய வழக்குக்கே திரும்பிவிட மாட்டோமா?

குரு: அளவை நூலில் காட்சிக்கு அடுத்து என்ன படித்தாய்?

சீடன்: கருதல். மலையில் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிவது.

குரு: புகை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மலையேறிச் சென்று நெருப்பில்லை என்று கண்டால், துணிந்தவன் தோற்றான். தோற்பதற்கு இடம் வைத்திருப்பதே நல்ல கருதலின் இலக்கணம். அகநோக்காளர் மனத்தைக் காட்சிப் பொருள் என்றார்கள். அறிதிறன் உளவியலார் அதைக் கருதல் பொருளாகக் கொண்டார்கள். ஜார்ஜ் மில்லர் 1956-இல் உடனடி நினைவு ஏறத்தாழ ஏழு உருப்படிகளையே தாங்கும் என்று எழுதினாரே, அது மனிதர் எந்த இடத்தில் தவறத் தொடங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத் துணிந்தது. உல்ரிக் நைசர் 1967-இல் எழுதிய பாடநூலால் அறிதிறன் உளவியல் என்ற பெயர் நிலைத்தது.

சீடன்: பிறர் மனம் கருதலால் விளங்கட்டும். என் மனம் எனக்குக் காட்சிதானே?

குரு: நிஸ்பெட்டும் வில்சனும் 1977-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் வரும் சோதனை இது. நான்கு ஜோடி நைலான் காலுறைகளைக் கடையில் வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒன்றேபோல் இருந்தவை. இடக்கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்களைவிட வலக்கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்கள் ஏறத்தாழ நான்கு மடங்கு. காரணம் கேட்டால் இருந்த இடத்தைத் தாமாக ஒருவரும் சொல்லவில்லை. துணியின் தரத்தைத்தான் சொன்னார்கள்.

சீடன்: பொய் சொன்னார்களா?

குரு: மனமறிந்து சொல்லவில்லை. தம் தேர்வுக்குப் பொருத்தமாகப் பட்ட ஒரு காரணத்தைக் கருதிக்கொண்டு, அதை உள்ளே கண்டதாக நம்பினார்கள். உன் பசி உனக்குத் தெரியும். நீ ஏன் ஒன்றைச் செய்தாய் என்பதற்கு நீ சொல்லும் விளக்கம், பிறர் உன்னைப் பற்றிச் சொல்வதைப்போலச் சோதனைக்கு உரியது.

சீடன்: காரணம் மறைந்திருக்கும் என்று ஃப்ராய்டும் சொன்னாரே?

குரு: சொன்னார்; பெரிய துணிவு அது. நோயாளி ஒப்புக்கொண்டால் கொள்கை மெய், மறுத்தால் அது உள்ளத்தின் எதிர்ப்பு என்று ஆனபோதுதான் தோற்பதற்கு இடமில்லாமல் போனது. ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வுப் பள்ளியில் பயின்ற ஆரன் பெக் அதற்கு இடம் கொடுத்தார். மனச்சோர்வு என்பது தன்மீதே திரும்பிய பகை என்ற கொள்கையை நிறுவ விரும்பி, நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். தேடிய பகை கிடைக்கவில்லை. தோல்வியும் இழப்பும் ஏமாற்றமுமே மிகுந்திருந்தன. விழித்திருக்கும்போதும் அவர்கள் எண்ணங்கள் அப்படியே இருந்தன. பெக் தம் கொள்கையை விட்டார். 1960-களில் அவரிடம் பிறந்த அறிதிறன் சிகிச்சை இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

சீடன்: அந்தச் சிகிச்சையில் மருத்துவர் என்ன செய்கிறார்?

குரு: ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்று ஒருவன் நொந்துபோய் வருகிறான். அந்த எண்ணத்தை மெய்யென்று கொள்வதில்லை, பொய்யென்று தள்ளுவதுமில்லை. இதற்கு என்ன சான்று, மாறான சான்று ஏதும் உண்டா என்று இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள். செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதைச் செய்து பார்க்கிறார்கள்.

சீடன்: இப்போது விளங்குகிறது, ஐயா. ஆய்வுக்கூடத்தில் பள்ளிகள் ஒன்றையொன்று கேட்ட கேள்வியை, துன்பப்படுகிறவன் தன் எண்ணத்தை நோக்கிக் கேட்கப் பழகுகிறான்.

குரு: அதனால்தான் இந்தப் பள்ளிகளின் வரலாற்றை நீ படிக்க வேண்டும் என்கிறேன். மனத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், உன் மனமே சொன்னாலும், எதைக் கண்டால் இதைக் கைவிடலாம் என்று கேள். விடை சொல்ல முடிந்த கொள்கையோடு மேலே நட. விடை சொல்ல மறுக்கும் கொள்கை எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் பேரில் ஒரு மனிதனைத் தீர்மானித்துவிடாதே.