முடிவுத் தேதி இல்லாத ஆணை

அப்பா 18,000 வெள்ளியைப் பறிகொடுத்தது எனக்குத் தெரியவர ஒன்பது நாளானது. முதலில் பேங்கிலிருந்து பேசுவதாக ஒருத்தி. பிறகு வீடியோ காலில் போலீஸ் சீருடையோடு ஒருவன். அப்பாவின் பெயரில் கள்ளப்பணம் புழங்குகிறதாம். விசாரணை முடியும்வரை பணத்தைப் 'பாதுகாப்பான கணக்கு' ஒன்றுக்கு மாற்ற வேண்டுமாம். பிள்ளைகளிடம்கூட மூச்சுவிடக் கூடாதாம்.

தெரிந்த அன்றிரவே அவருடைய பேங்க் செயலியை என் போனுக்கு மாற்றிக்கொண்டேன். "இனிமே நான் பாத்துக்கிறேன்பா." வாரம் 100 வெள்ளி அவர் கையில் கொடுத்தேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வாரம், காப்பிக் கடையில் கூட்டாளிகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டிய முறை தன்னுடையது என்று இன்னொரு 20 வெள்ளி கேட்டார். நான் பர்ஸைத் திறந்தபோது, "கணக்கு சொல்லணுமாம்மா?" என்றார்.

பணத்தைக் காப்பாற்றத்தான் எல்லாம் என்று சொல்லித்தான் அந்த மோசடிக்காரனும் ஆரம்பித்தான். பயமுறுத்தினான், பணத்தை அவர் கையைவிட்டுப் போக வைத்தான். என் நோக்கம் வேறு, சரி. ஆனால் 20 வெள்ளிக்காக என் முன்னால் நின்றவருக்கு அதனால் என்ன ஆறுதல்?

அந்த நோக்கத்தையும் நான் முழுசாக நம்பவில்லை. என் கல்யாணத்துக்காக அப்பா சேமிப்பில் பாதியை எடுத்தபோது, "யோசிச்சீங்களாப்பா?" என்று நான் கேட்கவே இல்லை. நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவருடைய பணத்தையா, எனக்கு வரப்போகும் பணத்தையா?

2024இல் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோனது 110 கோடி வெள்ளிக்கும் மேல். ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் 50 வயதுக்குட்பட்டவர்கள். நானும் ஒருமுறை இல்லாத கச்சேரி டிக்கெட்டுக்கு 140 வெள்ளி அனுப்பிவிட்டு, அதை நண்பர்களிடம் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தேன். யாரும் என் போனைப் பிடுங்கவில்லை. மூத்தவர்கள் ஏமாந்தால் இழப்பது பெரிய தொகை, திரும்பச் சம்பாதிக்கவும் வயதில்லை என்பது உண்மைதான். ஆனால் நான் ஏமாந்தால் அது அனுபவம், அப்பா ஏமாந்தால் புத்தி தடுமாற்றம் என்று எப்போது முடிவு செய்தோம்?

2025 ஜூலை 1 முதல் இங்கே ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று போலீஸ் நம்பினால், கடைசி வழியாக அவருடைய பணப் பரிமாற்றங்களைக் கட்டுப்படுத்தும்படி வங்கிகளுக்கு ஆணையிடலாம். அதில் வயது பேச்சே இல்லை. ஆணை 30 நாளுக்குத்தான், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். அன்றாடச் செலவுக்குப் பணம் எடுக்க வழி உண்டு. மேல்முறையீடும் உண்டு. முன்பின் தெரியாதவருக்கு அரசாங்கம் கொடுக்கும் இந்த மரியாதையைப் பெற்ற மகள் கொடுக்கவில்லை. என் ஆணைக்கு முடிவுத் தேதியே இல்லை.

"அப்போ ஏமாற அவருக்கு உரிமை இருக்குன்றியா?" என்று தோழி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருந்தது. அப்பாவிடம் கேட்டேன்: "ஒன்பது நாளா ஏன்பா சொல்லல?"

"சொன்னா இப்படித்தான் பண்ணுவேன்னு தெரியும்."

அவன் பேசாதே என்று சொன்னது பலித்ததற்கு நானும் ஒரு காரணம். தன் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர், ஆபத்து வரும்போது எப்படி வாய் திறப்பார்?

செயலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது வங்கிகளில் பணத்தின் ஒரு பகுதியைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. பூட்டிய பணத்தை இணையம்வழி யாருக்கும் அனுப்ப முடியாது. எவ்வளவு பூட்டுவது என்று அப்பாவே முடிவு செய்தார். 6,000 வெள்ளியை வெளியே வைத்துக்கொண்டார். "அதிகம்பா" என்றேன். "எனக்கு வேணும்" என்றார்.

அந்த 6,000 எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.