தாய்வீட்டுக் கணக்கு

தமிழ்த் தாலாட்டுகளில் மாமன் பெரிய கொடையாளி. தங்கை பிள்ளைக்கு வெள்ளிச் சங்கும் தங்கத் தொட்டிலும் அவன்தான் கொண்டுவருவான். ஓலைக் குடிசையில் பாடினாலும் பாட்டில் தங்கத்துக்குக் குறைவிருக்காது. தாலாட்டுப் பாடிய அதே பெண் முப்பது நாற்பது வருஷம் கழித்து ஓர் இழவு வீட்டில் உட்கார்ந்து பாடி அழும்போது, அந்த அண்ணன் வேறு ஆளாக வருகிறான். அம்மா இருந்தவரை திறந்திருந்த கதவு இப்போது சாத்திக் கிடக்கிறது. அண்ணி முகம்கொடுத்துப் பேசுவதில்லை. வாசல்வரை போனவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்திருக்கிறாள். தாலாட்டையும் ஒப்பாரியையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துப் போடுவது நாட்டுப்பாடல் தொகுப்புகளின் வழக்கம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான், ஓர் உறவில் அவள் எதிர்பார்த்த வரவும் கண்ட செலவும் தெரியும்.

சாதாரண நாளில் இதை அவள் சொல்லிவிட முடியாது. சொன்னால் பிறந்த வீட்டில் சண்டை, புகுந்த வீட்டில் ஏளனம். இழவு வீடுதான் அதற்கு இடம் தருகிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, முன்னும் பின்னும் அசைந்து அழுகிறார்கள். செத்தவர் பக்கத்துத் தெருக் கிழவராக இருக்கும். பாட்டில் அவள் கூப்பிடுவதோ என்றைக்கோ போய்ச்சேர்ந்த தன் அம்மாவை. யாரைப் பற்றி அழுகிறாள் என்பது சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் குறுக்கே பேச மாட்டார்கள். பாடி அழுகிறவளோடு மல்லுக்கு நிற்பது எந்த ஊரிலும் வழக்கமில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே தமிழ் ஒப்பாரி பற்றி 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான் நூலின் பெயரே. வெளியூர்க்காரர் கண்டுபிடித்த உண்மை என்று அதைக் கொண்டாட வேண்டியதில்லை. இழவு வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்த எந்தக் கிழவியும் அறிந்த சங்கதிதான்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த அண்ணன் வாசல் பாட்டுக்குத் தனிப் பொருள் உண்டு. கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று ஏரிக்கு ஏரி தொட்டுக் கிடந்த பாசன பூமி இது. 1961இல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. பிறகு மனைப்பிரிவுகள். நெல் விளைந்த நிலம் சதுர அடிக் கணக்கில் விலைபோனபோது, கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண்களின் நினைவு பிறந்த வீட்டாருக்குத் திடீரென்று வந்தது. நினைவு வந்ததற்குக் காரணம் விடுதலைப் பத்திரம். பாகத்தில் தனக்குப் பாத்தியதை இல்லை என்று சகோதரி எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவளை அழைத்துப் போவார்கள், கையெழுத்தானதும் ஒரு புடவை எடுத்துக் கொடுப்பார்கள். கேட்டு வாங்கினால் அண்ணன் வாசல் போய்விடும் என்ற பயத்தில் போட்ட கையெழுத்துகள் எத்தனையோ. வாசல் அப்படியும் நிலைத்ததா என்பது ஒப்பாரி கேட்டவர்களுக்குத் தெரியும்.

சட்டம் வரத்தான் செய்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகள்களை அது விட்டுவிட்டது. மத்தியச் சட்டம் 2005இல் திருத்தப்பட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. நடுவில் கழிந்தது பதினாறு வருஷம். ஊரில் அருமையாகப் பாடி அழக்கூடிய மூத்த பெண்கள் யாரோ, பெரும்பாலும் அவர்களே சட்டம் விட்டுவிட்ட அந்த வரிசையில் நின்றவர்கள். பத்திரத்தில் மனப்பூர்வமாகச் சம்மதித்ததாக எழுதியிருக்கும். சம்மதம் எப்படி வந்தது என்பதைப் பாட்டு மட்டும் சொல்லும்.

பாட்டுக்கு இடம் கொடுத்தது சாவு மட்டுமில்லை. நடவு, களை, உலக்கை என்று கைக்கு வேலை இருந்த இடமெல்லாம் வாய்க்கும் வேலை இருந்தது. மகாராஷ்டிரத்தில் பெண்கள் விடியற்காலையில் திருகை சுற்றிப் பாடியவற்றை ஹேமா ராய்ர்கரும் கி பொய்தவாங்கும் குழுவாகச் சேர்ந்து தொகுத்தார்கள். பாடல்கள் 1 லட்சத்தைத் தாண்டின. புருஷன் அடித்தது, மாமியார் பேசியது, அண்ணன் மறந்தது என்று அங்கேயும் அதே புலம்பல் ஓடுகிறது. மாவு மில் வந்ததும் திருகை நின்றது, திருகையோடு பாட்டும் நின்றது. அம்பத்தூரில் நடவு வயல் போன இடத்தில் ஏற்றுமதித் துணிக் கம்பெனிகள் வந்தன. அங்கேயும் பெண்கள் வரிசையாகத்தான் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஆனால் தையல் மிஷின் இரைச்சலில் பக்கத்து மிஷின்காரி பேசுவதே காதில் விழாது. மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு வேறு தலைக்கு மேல் நிற்கும். ஆடி மாசம் வந்தால் கூழ் வார்க்கும் தெருவெல்லாம் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி பாடுகிறார். பெண் குரல்தான், கம்பீரமான குரல்தான். என்ன, எல்லாத் தெருவுக்கும் அந்த ஒரே குரல்.

இழவு வீடும் மாறிவிட்டது. ஐஸ் பெட்டியைச் சுற்றி நாற்காலி போடுகிறார்கள். தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார முடிவதில்லை. அடுக்குமாடி வீடென்றால் அடுத்த வீட்டாரை உத்தேசித்து அழுகையே அடக்கமாகிவிடுகிறது. சென்னையின் பழைய குடியிருப்புகளில் சாவுக்கு இராமுழுக்கப் பாடுவது இன்னும் உண்டு. அது மரண கானா; பெரும்பாலும் ஆண்கள் பாடுவது. அதில் அம்மா வருகிறாள், பாசத்துக்குரியவளாக வருகிறாள். அவள் கையெழுத்துப் போட்ட கதை வருவது அபூர்வம். கானாவுக்குள் பெண்ணாகப் புகுந்த ராயபுரத்து இசைவாணி 2018இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் மேடையில் பாடத் தொடங்கினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

ஒப்பாரி ஆவியை வெளியேற்றிவிட்டு அடுப்பை அப்படியே விடுகிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. பாதி நியாயம்தான். அழுது முடித்தவள் மூக்கைச் சிந்திவிட்டு அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறாள். ஆனால் இன்று அவளுக்குக் கிடைத்திருக்கும் மாற்றையும் பார்க்க வேண்டும். 181 என்ற உதவி எண்ணை அழைத்தால் பேர் சொல்ல வேண்டும், நடந்ததைச் சொல்ல வேண்டும், எதிராளி யாரென்று சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அதுதான் சரியான வழி. ஆனால் அண்ணி முகம் கொடுக்காததை எந்த எண்ணில் சொல்வது? யாரையும் குற்றவாளி ஆக்காமல், எல்லார் முன்னாலும் சொல்லக் கூடியதாக இருந்தது அந்தப் பாட்டு. அதற்கு ஈடாக இன்னும் ஒன்றும் வரவில்லை.

ஆவடி வழியாகப் போகும் மின்சார ரயில் அரக்கோணம் போகிறது. அந்த ஊர்க்காரரான பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தன் பாட்டி வள்ளியம்மாளை மனத்தில் வைத்து எழுதிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டு 2021இல் வெளிவந்தது. ஒப்பாரியின் தொனி அதில் உண்டு, உலகமே கேட்டது. மண்ணை இழந்த ஒரு சனத்தின் துயரம் அப்படி மேடை ஏறிவிட்டது. வீட்டுக்குள் பாகம் இழந்தவளின் துயரம் அந்த அளவுக்கு ஏறவில்லை.

ஒப்பாரியைப் பதிவுசெய்து வைக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது. கேட்டால் கிழவி வாயைப் பொத்திக்கொள்வாள். கிராமத்தில் பாட்டுச் சேகரிக்கப் போனவர்கள் இதற்காகவே பாடுகிறவளை வீட்டைவிட்டு வெளியே, வயல்பக்கமோ ஏரிக்கரைக்கோ அழைத்துப் போனார்கள். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019 முதல் பூங்காவும் நடைபாதையும் படகும் இருக்கின்றன. சாயங்காலமானால் நல்ல கூட்டம். அதற்குள் ஒரு மூலை பார்த்துத்தான் கிழவியை உட்கார வைக்க வேண்டும்.