யாருடையதை விட்டுக்கொடுக்கிறோம்?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்றார்கள் நம் பெரியவர்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் படுத்தும் பாட்டைவிட மனிதர்களின் விருப்பங்கள் படுத்தும் பாடுதான் பெரிது. பாட்டிக்குப் பூஜை அறை வேண்டும். மகனுக்கு மாடி வேண்டும். மனைவிக்குப் புகை தங்காத சமையலறை வேண்டும். குடும்பத் தலைவருக்கோ கடன் ஏறக் கூடாது. கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள், வீடு எழும்புகிறது. இதில் அநியாயம் ஏதுமில்லை. விட்டுக்கொடுத்தவர்கள்தாமே அதில் குடியிருக்கப் போகிறார்கள்!

விட்டுக்கொடுத்தவர்கள் ஒருவராகவும் குடியிருப்பவர்கள் வேறொருவராகவும் இருந்துவிட்டால்?

அமெரிக்காவின் விண்வெளி ஓடம் அப்படி அமைந்த ஒரு வீடு. 1972-ல் ஜனாதிபதி நிக்ஸன் அதற்கு அனுமதி அளித்தார். அதற்கு முன்பே அதன் வரைபடத்தைப் பல கைகள் பிடித்து இழுத்தன. திரும்பத் திரும்பப் பறக்கும் ஓடம் வேண்டும் என்றது நாஸா. பெரிய செயற்கைக் கோள்களை ஏற்ற 60 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள சரக்கு அறை வேண்டும் என்றது விமானப் படை. துருவங்களின் மேலாகச் சுற்றி வந்து, பக்கவாட்டில் 1,100 கடல் மைல் விலகி இறங்கும் வல்லமையையும் கேட்டது, இறக்கைகள் அகன்றன. செலவைக் குறைக்கச் சொன்னார்கள் கஜானாவைக் காப்பவர்கள். உருவாக்கும் செலவு குறைந்த திட எரிபொருள் ராக்கெட்டுகள் வந்து சேர்ந்தன. பற்றவைத்தபின் அவற்றை அணைக்க வழியில்லை.

எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் கிடைத்தது. ஆனால் விமானப் படை கேட்ட அந்தத் துருவப் பயணம், 2011-ல் ஓடங்கள் ஓய்வு பெறும்வரை ஒருமுறைகூட நடக்கவில்லை. 1981-ல் பறக்கத் தொடங்கியபோது, முதல் நான்கு பயணங்களில் விமானிகள் இருவருக்கும் ஆபத்தில் வெளியே வீசித் தப்புவிக்கும் இருக்கைகள் இருந்தன. ஏறுவோர் தொகை கூடியதும் அந்த வசதி நின்றுபோயிற்று.

1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73 விநாடிகளில் சாலஞ்சர் ஓடம் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். குளிரில் விறைத்த ரப்பர் வளையம், ராக்கெட்டின் இணைப்பை அடைக்கத் தவறியது. முந்திய இரவு, அந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று ராக்கெட் செய்த கம்பெனியின் எஞ்சினீயர்கள் வாதாடினார்கள். அவர்களுடைய மேலதிகாரிகள் முதலில் அதை ஏற்று, பிறகு மாற்றிக்கொண்டார்கள். அப்படி ஒரு வாதம் நடந்ததே ஓடத்தில் ஏறியவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம். விமானப் படையின் ஆதரவு இல்லாவிட்டால் ஓடத்துக்கு அனுமதி கிடைப்பதே அரிதாயிருந்திருக்கும். ஆனால் பணம், இடம், புகழ் இவற்றைப் பங்கு போடுவதுபோல் ஆபத்தைப் பங்கு போட முடியாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். மேஜைக்கு வராத ஏழு பேர் முழுவதையும் கொடுத்தார்கள்.

தன்னுடையதை விட்டுக்கொடுப்பவனைப் பெருந்தன்மை உள்ளவன் என்கிறோம். பிறருடையதை விட்டுக்கொடுப்பவனுக்கு அந்தப் பெயர் பொருந்துமா? அணையோ, பாலமோ, ரயிலோ, எதை வரைந்தாலும், அது இடிந்தால் யார் தலையில் இடியும் என்று முதலில் கேட்க வேண்டும். அவரை அழைத்து உண்மையைச் சொல்ல வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையையும் அவருக்குத் தர வேண்டும். மற்றப் பேரங்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.