விடுபட்டோரும் ஆய்வாளன் கடமையும்

ஒரு கணிப்பு முறையைக் கற்றல் வேறு. அக்கணிப்பின் முடிவுக்குப் பொறுப்பேற்றல் வேறு. முன்னையதைக் கணினி எளிதாக்கிவிட்டது. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டாட்டா போன்ற மென்பொருள்களில், கல்விக்கும் கூலிக்குமுள்ள தொடர்பை அளக்கும் பிற்செலவுச் சமன்பாட்டை ஒரே கட்டளையால் மதிப்பிடலாம். பின்னையதையும் அக்கருவியிடமே ஒப்படைத்துவிடலாமா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினாவாகும்.

கொட்டாஞ்சேனையில் நாட்கூலிக்குத் துறைமுகம் செல்லும் ஒருவர் தம் வருமானத்தைக் கூற மறுக்கிறார் எனக் கொள்வோம். தரவில் அவ்விடம் வெறுமையாகும். பிற்செலவுக் கட்டளையோ, வெறுமை உள்ள வரிசை முழுவதையும் விலக்கிவிட்டே கணிப்பைத் தொடங்கும். அவருடைய வயதும் கல்வியும் அதனோடு அகன்றுவிடும். எஞ்சியோரின் எண்ணிக்கையை மென்பொருள் அச்சிட்டுக் காட்டும். அகன்றோர் எத்தகையோர் என்பதை ஆய்வாளனே தேடி அறிதல் வேண்டும்.

வெள்ளவத்தையில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்து அங்கு வாடகை வீடுகளில் தங்கியோருட் பலர் பின்னர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். இன்று அங்கு வாழ்வோரை மட்டும் வினவிக் கல்வியின் பயனைக் கணித்தால், அது தங்கியோரின் கதையேயாகும். சென்றோர் கல்வியிலோ முயற்சியிலோ வேறுபட்டவராயின், கணிப்பும் பிறழும்.

இத்தகைய தெரிவுப் பிழையை ஜேம்ஸ் ஹெக்மன் 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் முறைப்படுத்தினார். நுண்பொருளியல் தரவாய்வுக்கு அவர் ஆற்றிய பணிக்காக 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். வேலைக்குச் செல்லாத பெண்களின் கூலி தரவில் தோன்றாது. எனவே, வேலைக்குச் செல்லும் நிகழ்தகவை முதலில் மதிப்பிட்டு, அதனைக் கொண்டு கூலிச் சமன்பாட்டைத் திருத்துதல் அவர் வகுத்த வழி. ஆயினும் அதற்கு, வேலைக்குச் செல்லாதோரின் விபரங்களேனும் கையில் இருத்தல் வேண்டும். வெள்ளவத்தையை விட்டு அகன்றவருக்கோ தரவில் ஒரு வரிசையே இல்லை. முறை எத்துணை நுட்பமாயினும் இங்கு அது கைகொடாது.

நாடளாவிய தரவுக்கும் இது பொருந்தும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின அளவீடுகளுள் 1990/91, 1995/96, 2002 ஆகியவற்றில் வடக்கும் கிழக்கும் இடம்பெறவில்லை. 2012/13 அளவீட்டிலேயே 25 மாவட்டங்களும் அடங்கின. திணைக்களம் இவ்விடுபடுதலைத் தன் அறிக்கைகளிற் குறித்தே வந்தது. அக்குறிப்பை விடுத்து எண்ணை மட்டும் எடுத்தாண்டு, அதனை இலங்கை முழுமைக்கும் உரியதாக்குபவனே தவறிழைக்கிறான். வறுமையைத் தணிக்கும் நிதி அத்தகைய எண்களைக் கொண்டு பங்கிடப்படுமாயின், எண்ணப்படாதவர் இருமுறை இழக்கின்றனர்.

எல்லோரையும் எண்ணிவிடல் ஒரு மாணவனுக்கு இயலுவதன்று என்பர் சிலர். உண்மையே. அறம் அவனிடம் அதனைக் கேட்கவில்லை. தன் முடிவு எவரைப் பற்றியது, எவரைப் பற்றியதன்று எனத் தெளிவாக எழுதுவதையே கேட்கிறது. அவ்வொரு வாக்கியத்தை எந்தக் கட்டளையும் அவனுக்காக எழுதித் தராது. அதனை எழுதக் கற்பதும் முறையியற் கல்வியின் பகுதியேயாகும்.