வேஷமும் தீர்ப்பும்

குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்குக் காளி வேஷம் போட்டு வருகிறவனை அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நேற்றுவரை உப்பளத்தில் நின்றவன், மீன் ஏலத்தில் சண்டை போட்டவன் என்பது தெருவுக்கே தெரியும். இருந்தும் 'அம்மா' என்றுதான் அழைக்கிறார்கள். வயதானவர்கள்கூடக் காலில் விழுகிறார்கள். பத்தாம் நாள் கடற்கரையில் சம்ஹாரம் முடிந்து, காப்பை அவிழ்த்தபின் அவன் பழையபடி இன்னாருடைய மகன். யாரும் ஏமாறவில்லை, யாரும் ஏமாற்றவுமில்லை. ஒரு பெயர் ஒருவன் மேல் ஏறி, தங்கி, இறங்குகிறது. அதே கூட்டத்தில் பிச்சைக்காரன் வேஷமும் உண்டு, போலீஸ் வேஷமும் உண்டு.

தீர்ப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தெரு ஞாபகம் வருகிறது. நீதிபதி செய்வதும் கடைசியில் பெயரிடுவதுதான். நடந்தது நடந்தபடி இருக்கிறது. அதைக் கொலை என்கிறார், விபத்து என்கிறார். ஒருத்தியை மனைவி என்கிறார், மனைவி அல்ல என்கிறார். பெயர் விழுந்த பிறகு ஒருவன் சிறைக்குப் போகிறான், ஒருத்தி வீட்டுக்குப் போகிறாள். இந்தப் பெயர் நியாயமானது என்று எதை வைத்துச் சொல்வது? சட்டப் புத்தகத்தோடு பொருந்தினால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். அதிகாரம் யார் கையிலோ அவன் வைத்ததே பெயர் என்று கைவிரிப்பவர்களும் இருக்கிறார்கள்; எழுதுகிறவர்களில் பலர் இந்தக் கட்சி. இரண்டுமே எனக்குச் சோம்பலாகப் படுகின்றன.

தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் 2018 அக்டோபர் 31 அன்று ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றிருக்கிறது. இவர் மணமகள் அல்ல என்பது அரசுத் தரப்பு வாதம். 2019 ஏப்ரல் 22 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அந்தச் சொல்லுக்கு உறைந்துபோன அர்த்தம் கிடையாது, திருநங்கையும் அதில் அடக்கம் என்று தீர்ப்பளித்து, திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்னார். அதே தீர்ப்பில், ஆணென்றோ பெண்ணென்றோ தெளிவாகச் சொல்ல முடியாத உடலோடு பிறக்கும் சிசுக்களை அறுத்து ஏதோ ஒன்றாக ஆக்கும் சிகிச்சையைத் தடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டார். உயிருக்கு ஆபத்தான நிலைமைகள் தவிர்த்து அதைத் தடை செய்து அவ்வருஷமே அரசாணை வந்தது. கத்தியால் பெயர் வைக்காதே, அந்தப் பிள்ளை தானே சொல்லும் வயது வரட்டும் என்பதுதான் அதன் சாரம்.

பதிவாளர் முதலில் சொல்லைப் பார்த்தார். எதிரே நின்றவரைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. நீதிபதி ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்லிடம் போனார். கழற்ற முடியாத ஒன்றை வேஷம் என்று எண்ணியது பதிவாளரின் பிழை. கழற்றக்கூடிய வேஷத்தையே வணங்கத் தெரிந்த கரை இது என்பது தனி வேடிக்கை.

சிவில் வழக்கிலும் இதுவே. கணவர் சவூதியில் சம்பாதித்தார், மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்தார். வாங்கிய சொத்தில் அவருடைய பங்களிப்பு என்ன என்று கேட்டால் ரசீது எதுவும் கிடையாது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, விடுமுறையில்லாத அந்த வீட்டு வேலையும் பங்களிப்பே, கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றார். ஆண்கள் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட ஊர்களில் யாருக்கும் தெரியாத செய்தி அல்ல இது. கண்ணெதிரே இருந்ததற்கு அன்றுதான் பெயர் கிடைத்தது.

பார்க்காமலிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தூரம் போக வேண்டாம். சாத்தான்குளம் பக்கத்தில்தான் இருக்கிறது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கில் நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டார்கள். தாங்களே தரையில் உருண்டதால் உள்காயம் என்றது முதல் தகவல் அறிக்கை. மருத்துவச் சான்று இருந்தது. மாஜிஸ்திரேட்டின் ரிமாண்டு உத்தரவு இருந்தது. காகிதம் ஒவ்வொன்றும் ஒழுங்காக இருந்தது. 22 இரவு மகனும் 23 காலை தந்தையும் கோவில்பட்டியில் இறந்தார்கள். பிறகு மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டிடம் ஒரு பெண் தலைமைக் காவலர், பயந்துகொண்டே, அன்றிரவு தான் பார்த்ததைச் சொன்னார். செப்டம்பரில் ஒன்பது காவலர்கள் மீது சி.பி.ஐ. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் 'கொலை' என்ற சொல் ஏறியது. புத்தகத்தில் அந்தச் சொல் எப்போதும் இருந்தது. 'நான் பார்த்தேன்' என்று சொல்ல ஓர் ஆள்தான் தேவைப்பட்டது.

இத்தோடு நிறுத்தினால் நமக்குச் சௌகரியம். நாம் பார்க்கிறவர்கள், அவர்கள் முத்திரை குத்துகிறவர்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் குலசேகரன்பட்டினம் விடவில்லை.

1942 செப்டம்பர் 20 அன்று, 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியின்போது, இங்கே உப்பு இலாகா உதவி இன்ஸ்பெக்டர் லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை. தூக்கு நிறைவேறவில்லை, 1946இல் காங்கிரஸ் மந்திரிசபை வந்தபின் விடுதலையானார்கள். கொலை தியாகமாயிற்று. அந்த இருவரும் தூக்கிலிடப்படாததில் எனக்குச் சந்தோஷம்தான். அந்நிய ஆட்சியின் நீதிமன்றத்துக்கு அவர்களைத் தூக்கிலிடும் தார்மிக உரிமை இருந்ததாகவும் நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு பெயர்களில் எதை வைத்தவனும் லோனைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அரசுக்கு அவர் ஓர் அதிகாரி, தாக்கப்பட்ட அதிகாரம். நமக்கு அவர் 'லோன் துரை', ஒழிந்த அதிகாரம். எந்த ஊரிலிருந்து வந்தார், யார் அவருக்காகக் காத்திருந்தார்கள் என்று இந்தக் கதையைச் சொல்லும் யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

தியாகம் என்ற பெயரை மாற்றச் சொல்லவில்லை. அது சரியான பெயராகவே இருக்கலாம். சரியான பெயரையும் பார்க்காமல் வைக்க முடியும் என்பதுதான் என் சங்கடம். சாத்தான்குளத்துக் காகிதங்களின் மேல் கோபப்படும்போது, எங்கள் ஊர்க் கதையிலும் அப்படி ஒரு காகிதம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.